நிகழ்வியல், இருத்தலியல் தத்துவக் கழகம்: அமெரிக்காவில் ஒரு சிந்தனை மரபு வேரூன்றிய வரலாறு

ஒரு சிந்தனை மரபு அதன் வாதங்களின் வலிமையால் மட்டுமே நிலைபெற்றுவிடுவதில்லை. அதைக் கற்பிக்க ஆசிரியர்களும், அவர்களைப் பணியில் அமர்த்தப் பல்கலைக்கழகங்களும், மூலநூல்களை மாணவர் அறிந்த மொழிக்குக் கொண்டுவர மொழிபெயர்ப்பாளர்களும், ஒரு கருத்தை முழுமையாகக் கேட்டபின் மறுக்கத் தெரிந்த அவையும் அதற்கு வேண்டும். இவை வாய்க்காதபோது ஆழமான தத்துவங்கள்கூட ஓரிரு தலைமுறைக்குள் தனிமனிதரின் ஆர்வமாகச் சுருங்கிவிடுகின்றன. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஐரோப்பியத் தத்துவம் அடைந்த நிலை இதற்குத் தெளிவான சான்றாகும். அந்த நிலையை மாற்றியதில் பெரும்பங்கு வகித்தது, 1962-இல் இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகக் கூடிய ‘நிகழ்வியல், இருத்தலியல் தத்துவக் கழகம்’. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஸ்பெப்’ என்று அழைக்கப்படும் இக்கழகம் எந்தத் தேவையிலிருந்து பிறந்தது, எப்படிச் செயல்பட்டது, எங்கே தன்னைத் திருத்திக்கொண்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கண்டத் தத்துவமும் பகுப்பாய்வுத் தத்துவமும்

ஐரோப்பியக் கண்டத் தத்துவம் என்பது ஒரே கொள்கையைக் குறிப்பதன்று. கான்ட்டுக்குப் பின் ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய நாடுகளில் வளர்ந்த பல மரபுகளுக்கு ஆங்கிலம் பேசும் உலகம் இட்ட பொதுப்பெயர் அது. ஹெகல், மார்க்ஸ், கீர்க்கெகார், நீட்சே ஆகியோரின் எழுத்துகளும், இருபதாம் நூற்றாண்டின் நிகழ்வியல், இருத்தலியல், பிரதிகளையும் மனிதச் செயல்களையும் புரிந்துகொள்ளும் முறையை ஆராயும் பொருள்கோளியல், பிராங்க்ஃபர்ட் சிந்தனையாளர்களின் விமர்சனக் கோட்பாடு, பின்னமைப்பியல் ஆகியனவும் அதில் அடங்கும். தம்முள் கடுமையாக முரண்படும் இம்மரபுகளை இணைப்பது, மனித அனுபவத்தை அதன் வரலாறு, மொழி, உடல், சமூகம் ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுத்து ஆராய முடியாது என்ற பொதுவான நம்பிக்கையே. இதற்கு எதிரில் வைத்துப் பேசப்படும் பகுப்பாய்வுத் தத்துவம், ஃப்ரேகெ, ரஸ்ஸல், மூர் ஆகியோரிடமிருந்து தொடங்கி, தத்துவச் சிக்கல்களைத் தருக்கத்தின் துணையாலும் மொழிப் பகுப்பின் துணையாலும் தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்துத் தெளிவுபடுத்த முயன்றது.

கழகத்தின் பெயரில் முதலில் நிற்கும் நிகழ்வியல், எட்மண்ட் ஹுஸ்ஸெர்ல் 1900-01-இல் வெளியிட்ட ‘தருக்க ஆய்வுகள்’ நூலில் உருப்பெற்ற ஆய்வுமுறை. பொருள்கள் உணர்வுக்கு எப்படித் தோன்றுகின்றனவோ அப்படியே அவற்றை விவரிக்க வேண்டும் என்றும், அவ்விவரிப்புக்கு முன்பாகவே அறிவியல் கோட்பாடுகளையோ மீப்பொருண்மைக் கொள்கைகளையோ புகுத்தக்கூடாது என்றும் அது வலியுறுத்துகிறது. தெருவில் நின்று ஒரு வீட்டைப் பார்ப்பவருக்கு அதன் முன்சுவர் மட்டுமே கண்ணில் படுகிறது. ஆயினும் அவர் காண்பது சுவரை அன்று, பின்கட்டும் பக்கச் சுவர்களும் கொண்ட முழு வீட்டையே. கண்ணில் படாத பகுதிகளும் காட்சியின் பொருளில் சேர்ந்திருக்கும் இந்த அமைப்பை விவரிப்பது நிகழ்வியலின் வேலை. உணர்வு எப்போதும் ஏதோ ஒன்றைப் பற்றிய உணர்வாகவே இருக்கிறது என்ற நோக்குடைமைக் கருத்து இதற்கு அடிப்படையாகும். ஹைடெக்கர் இம்முறையை இருப்பு என்பதன் பொருளைத் தேடுவதற்கும், சார்த்தர் மனிதச் சுதந்திரத்தை விளக்குவதற்கும், மெர்லோ-போந்தி உடல்வழிப் புலனறிவை விளக்குவதற்கும் பயன்படுத்தினார்கள். தன் வாழ்வைத் தானே தேர்ந்து அதற்குப் பொறுப்பேற்கும் தனிமனிதரை மையப்படுத்திய இருத்தலியலும் நிகழ்வியலும் இவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

கழகத்துக்கு முந்தைய முயற்சிகள்

அமெரிக்கர்களுக்கு ஹுஸ்ஸெர்ல் 1962-இல்தான் அறிமுகமானார் என்பதில்லை. வில்லியம் எர்னெஸ்ட் ஹாக்கிங் 1902-லேயே கட்டிங்கன் நகரில் அவரிடம் பாடம் கேட்டிருந்தார். பின்னர் மார்வின் ஃபார்பரும் டோரியன் கெய்ர்ன்ஸும் ஃப்ரைபர்க் சென்று அவரிடம் பயின்றனர். பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த ஃபார்பரின் முயற்சியால் 1939-இல் பன்னாட்டு நிகழ்வியல் சங்கம் தோன்றியது. அதற்கு அடுத்த ஆண்டு ‘தத்துவமும் நிகழ்வியல் ஆய்வும்’ என்ற இதழும் வெளிவரத் தொடங்கியது. ஆனால் ஃபார்பருக்கு இருத்தலியலில் உடன்பாடில்லை. அவரே காலப்போக்கில் இயற்கைவாதத்தின் பக்கம் நகர்ந்தார். நிகழ்வியலின் பெயரைத் தாங்கிய அவ்விதழ் இன்று பகுப்பாய்வுத் தத்துவத்தின் முதன்மையான இதழ்களுள் ஒன்றாக இருக்கிறது. ஆண்டுதோறும் கூடி விவாதிக்கும் ஆய்வாளர் சமூகம் ஒன்று பின்னால் இல்லாதபோது, ஓர் இதழ் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டே தன் நோக்கத்திலிருந்து விலகிப்போக முடியும் என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

நாஜி ஆட்சியிலிருந்து தப்பி வந்த அகதி அறிஞர்கள் இரண்டாவது ஊற்றாக அமைந்தனர். நியூயார்க்கின் ‘நியூ ஸ்கூல் ஃபார் சோஷியல் ரிசர்ச்’ நிறுவனம், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலிருந்து விரட்டப்பட்ட அறிஞர்களுக்காக 1933-இல் ‘நாடுகடந்த பல்கலைக்கழகம்’ என்ற பிரிவைத் தொடங்கியது. வியன்னாவிலிருந்து வந்த ஆல்ஃபிரட் ஷூட்ஸ் பகலில் வங்கித் தொழிலைக் கவனித்துக்கொண்டே அந்நிறுவனத்தில் கற்பித்து, அன்றாட வாழ்வுலகின் அமைப்பை ஆராயும் நிகழ்வியல் சமூகவியலை உருவாக்கினார். ஆரோன் குர்விட்ச், ஹான்ஸ் யோனாஸ், ஹான்னா ஆரெண்ட் ஆகியோரும் வெவ்வேறு காலங்களில் அங்கே ஆசிரியர்களாயினர். ஆயினும் அது நாட்டின் தத்துவத்துறைகள் பலவற்றின் போக்கிலிருந்து விலகி நின்ற தனி நிறுவனமாகவே இருந்தது.

அதே புலம்பெயர்வு அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த மற்றோர் அணியினர் பல்கலைக்கழகங்களின் மையத்தில் இடம்பெற்றனர். ருடால்ஃப் கார்னாப், ஹான்ஸ் ரைஹென்பாக், கார்ல் ஹெம்பெல் முதலிய தருக்கப் புலனறிவாதிகள், அறிவியல் முறையை முன்மாதிரியாகக் கொண்ட தத்துவத்தை அமெரிக்கத் துறைகளில் வலுப்படுத்தினார்கள். ஹைடெக்கரின் 1929 உரையிலிருந்து வாக்கியங்களை எடுத்து, அவை தருக்க இலக்கணத்தை மீறிய பொருளற்ற தொடர்கள் என்று காட்ட முனைந்த கட்டுரையைக் கார்னாப் ஏற்கெனவே எழுதியிருந்தார். தத்துவத்தின் தொழில் எது என்பது பற்றிய இந்த அடிப்படை வேறுபாடு, அமெரிக்காவில் யாருக்கு வேலை, எதற்குப் பாடவேளை என்ற நடைமுறை வேறுபாடாகவும் உருவெடுத்தது. 1950-களின் கம்யூனிச எதிர்ப்பு வேட்டைக்காலத்தில், அரசியலிலிருந்து விலகி நிற்கும் தத்துவமே பாதுகாப்பானதாகத் தோன்றியதும் இப்போக்குக்குத் துணைபோயிற்று என்று ஜான் மெக்கம்பர் 2001-இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். அவ்வாதத்தை எல்லாரும் ஏற்கவில்லை. ஆனால் தத்துவப் பள்ளிகளின் ஏற்றமும் இறக்கமும் நிறுவனச் சூழலையும் சார்ந்தவை என்பதை அது கவனத்துக்குக் கொண்டுவந்தது.

1962: தொடக்கம்

கழகம் தோன்றக் காரணமானவர்களுள் முதன்மையானவர் ஜான் வைல்ட். 1927 முதல் ஹார்வர்டில் கற்பித்த அவர், பிளேட்டோ, அரிஸ்டாட்டில், இடைக்கால மெய்ம்மைவாதம் ஆகியவற்றில் புலமை பெற்றவர். 1930-களின் தொடக்கத்தில் ஜெர்மனி சென்று ஹைடெக்கரின் விரிவுரைகளைக் கேட்டிருந்தாலும், அதன் தாக்கம் அவர் எழுத்தில் வெளிப்பட இரண்டு பத்தாண்டுகள் ஆயின. 1955-இல் வெளியான ‘இருத்தலியலின் அறைகூவல்’ அந்தத் திருப்பத்தை அறிவித்தது. 1961-இல் அவர் ஹார்வர்டை விட்டு நார்த்வெஸ்டர்ன் தத்துவத்துறைக்குத் தலைமையேற்கச் சென்றார். நாட்டின் மிகப் புகழ்பெற்ற துறையொன்றிலிருந்து நிறைபேராசிரியர் ஒருவர் தாமாகவே விலகிச் சென்றது, தம் ஆர்வங்களுக்கு அங்கு இடம் குறைந்துவிட்டது என்று அவர் கருதியதன் வெளிப்பாடாகவே புரிந்துகொள்ளப்பட்டது.

நார்த்வெஸ்டர்னில் வில்லியம் எர்ல், ஜேம்ஸ் ஈடி ஆகியோரும், யேல் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஷ்ரேடரும், பர்டூ பல்கலைக்கழகத்தின் கால்வின் ஷ்ராகும் அவரோடு சேர்ந்து கழகத்துக்கு உருவம் கொடுத்தனர். காலம் அதற்குக் கனிந்திருந்தது. சார்த்தரின் ‘இருத்தலும் இன்மையும்’ ஹேஸல் பார்ன்ஸின் மொழிபெயர்ப்பில் 1956-லேயே கிடைத்திருந்தது; ஹைடெக்கரின் ‘இருப்பும் காலமும்’, மெர்லோ-போந்தியின் ‘புலனறிவின் நிகழ்வியல்’ ஆகிய இரண்டும் கழகம் தோன்றிய அதே 1962-இல் ஆங்கிலத்தில் வந்தன; ஹெர்பெர்ட் ஷ்பீகெல்பெர்க் 1960-இல் நிகழ்வியல் இயக்கத்தின் விரிவான வரலாற்றை எழுதி முடித்திருந்தார். படிக்க நூல்கள் வந்துவிட்டன. அவற்றைப் படித்தவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் இடம் இல்லாதிருந்தது. அக்குறையைக் கழகம் தீர்த்தது. தொடக்ககாலக் கூட்டங்களில் படிக்கப்பட்ட கட்டுரைகளை ஈடி 1965 முதல் தொகுப்புகளாக வெளியிட்டார்.

கூட்டங்களைவிட நீண்டகாலப் பயன் தந்தது, கழகத்தின் பெயரை ஒட்டியே நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பதிப்பகம் தொடங்கிய நூல்வரிசை. மெர்லோ-போந்தியின் பல நூல்களும், ஷூட்ஸின் சமூக நிகழ்வியல் நூலும், ரிக்கரின் எழுத்துகளும், 1970-இல் டேவிட் கார் மொழிபெயர்த்த ஹுஸ்ஸெர்லின் ‘ஐரோப்பிய அறிவியல்களின் நெருக்கடி’யும் அப்பதிப்பகத்தின் வழியாக ஆங்கில வாசகரை அடைந்தன. தெரிதாவின் ஹுஸ்ஸெர்ல் பற்றிய ஆய்வான ‘பேச்சும் நிகழ்வுகளும்’ 1973-இல் அங்கிருந்தே வெளிவந்தது. இன்று ஆங்கிலத்தில் நிகழ்வியல் கற்பிக்கும் வகுப்புகளின் பாடநூற்பட்டியலில் அவ்வரிசையின் நூல்கள் தொடர்ந்து இடம்பெறுகின்றன.

கழகம் இயங்கும் விதம்

ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர்காலத்தில் வெவ்வேறு நகரில் கழகத்தின் மாநாடு கூடுகிறது. உறுப்பினர் அனுப்பும் கட்டுரைகள் ஆசிரியர் பெயர் மறைக்கப்பட்டு மதிப்பிடப்படுகின்றன. மூத்த அறிஞர் ஒருவரின் வாழ்நாள் ஆய்வை மற்றவர்கள் முன்வைத்து விவாதிக்க அவரே பதில் கூறும் அமர்வுகளும், புதிய நூலொன்றை அதன் ஆசிரியர் முன்னிலையில் திறனாயும் அமர்வுகளும், குர்விட்சின் நினைவாக நிகழும் சொற்பொழிவும் மாநாட்டின் நிலையான பகுதிகளாகும். இவ்வமைப்பில் ஆராய்ச்சி மாணவருக்குப் பெரும்பயன் உண்டு. தம் துறையில் ஹைடெக்கரையோ லெவினாஸையோ ஆராயும் ஒரே ஆளாக இருக்கும் மாணவர், தாம் மேற்கோள் காட்டும் அறிஞர்களுக்கு நேர்முன் நின்று தம் வாதத்தைச் சோதித்துக்கொள்ள முடிகிறது. மாநாட்டில் தேர்ந்த கட்டுரைகளைக் கொண்ட சிறப்பிதழை ‘ஜர்னல் ஆஃப் ஸ்பெக்குலேட்டிவ் ஃபிலாசஃபி’ வெளியிடுகிறது. நிகழ்வியலையும் மனித அறிவியல்களையும் இணைக்கும் சங்கம், 1997-இல் தோன்றிய பன்னாட்டுச் சூழலியல் தத்துவச் சங்கம் போன்ற தோழமை அமைப்புகள் இம்மாநாட்டை ஒட்டியே தம் கூட்டங்களை நடத்துவதால், ஒரே பயணத்தில் பல ஆய்வு வட்டங்களைச் சந்திக்கும் வாய்ப்பும் கிடைக்கிறது.

கழகத்தின் வளர்ச்சியில் டியூகேன், ஃபோர்டம், பாஸ்டன் கல்லூரி, டிபால், சிகாகோ லயோலா போன்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களின் பங்கு தனியே குறிப்பிடத்தக்கது. தாமஸ் அக்வினாஸின் மரபில் வந்த அத்துறைகளில் மீப்பொருண்மையும் தத்துவ வரலாறும் எப்போதும் மதிப்பை இழக்கவில்லை. மூலமொழிகளில் படிக்கும் பழக்கமும், பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தோடு நெடுநாள் தொடர்பும் அவற்றுக்கு இருந்தன. ஹுஸ்ஸெர்ல் 1938-இல் இறந்தபின், ஏறத்தாழ 40,000 பக்கங்கள் கொண்ட அவருடைய கையெழுத்துப் படிகளை வான் பிரேடா என்ற பிரான்சிஸ்கன் துறவி ஜெர்மனியிலிருந்து மீட்டுக் கொண்டுசேர்த்த இடமும் லூவேனே. பெரும்புகழ் பெற்ற துறைகள் பல கதவடைத்த காலத்தில், நிகழ்வியலில் பட்டம் பெற்ற இளைஞர்களுக்கு வேலை தந்து இம்மரபைக் காத்தவற்றுள் இத்துறைகள் முன்னணியில் நின்றன.

நிகழ்வியலுக்கும் இருத்தலியலுக்கும் என்றே தொடங்கிய கழகம் தன் பெயரின் எல்லைக்குள் நெடுநாள் அடங்கியிருக்கவில்லை. 1966-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் தெரிதா, லக்கான், பார்த் ஆகியோர் பேசியபின், நிகழ்வியலின் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்கும் புதிய பிரெஞ்சுச் சிந்தனை அமெரிக்காவில் பரவியது. காயத்ரி சக்ரவர்த்தி ஸ்பிவாக்கின் மொழிபெயர்ப்பில் 1976-இல் வந்த தெரிதாவின் ‘எழுத்தியல் குறித்து’ அதை இலக்கியத்துறைகளில் வேரூன்றச் செய்தது. அச்சிந்தனைகளை ஹுஸ்ஸெர்ல், ஹைடெக்கர் ஆகியோரின் தொடர்ச்சியிலும் எதிர்ப்பிலும் வைத்து வரிவரியாகப் படித்த தத்துவ அவை ஸ்பெப். விமர்சனக் கோட்பாடும் ஃபூக்கோவின் அதிகார ஆய்வும் அவ்வாறே அங்கு இடம்பெற்றன.

பன்மைவாதக் கிளர்ச்சி

தனி அவை அமைத்துக்கொண்டதால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. அமெரிக்கத் தத்துவச் சங்கமே நாட்டின் தத்துவத்துறைகளுக்கான பொது அமைப்பு. அதன் கிழக்குப் பிரிவு அக்காலத்தில் டிசம்பரில் நடத்திய மாநாட்டில்தான் பேராசிரியர் பணிகளுக்கான நேர்காணல்கள் நடந்துவந்தன. அதன் நிகழ்ச்சிக் குழுவும் வேட்பாளர் பரிந்துரைக் குழுவும் ஒருசில பகுப்பாய்வுத் துறைகளின் பிடியில் இருப்பதாகக் கண்டத் தத்துவத்தினரும், ஜேம்ஸ், டூயி ஆகியோரின் பயன்வழிவாத மரபினரும், மீப்பொருண்மை ஆய்வாளரும் குறை கூறினர். 1978-79-இல் அவர்கள் ஒன்றுசேர்ந்து எழுப்பிய எதிர்ப்பு ‘பன்மைவாதக் கிளர்ச்சி’ எனப்படுகிறது. 1979 டிசம்பரில் நியூயார்க்கில் கூடிய கூட்டத்தில் பரிந்துரைக் குழுவின் வேட்பாளரைத் தோற்கடித்து, யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஸ்மித்தைத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அதன்வழி அவர் பின்னர் பிரிவின் தலைவருமானார். கிளர்ச்சி நடந்த ஆண்டின் தலைவர் ரிச்சர்ட் ரோர்ட்டி. அறிவை உலகின் பிரதிபலிப்பாகக் கருதும் பழக்கத்தைப் பகுப்பாய்வு மரபின் உள்ளிருந்தே மறுக்கும் அவருடைய புகழ்பெற்ற நூலும் அதே ஆண்டில் வெளியானது.

பதவிகள் கிடைத்தாலும் மதிப்பீட்டின் அளவுகோல்கள் அவ்வளவு விரைவில் மாறவில்லை. 1992-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தெரிதாவுக்கு மதிப்புறு பட்டம் தர முன்வந்தபோது, குவைன் உள்ளிட்ட தத்துவ அறிஞர்கள் அவர் எழுத்தில் தெளிவும் கண்டிப்பும் இல்லை என்று நாளிதழில் கடிதம் வெளியிட்டு எதிர்த்தனர். வாக்கெடுப்பில் 336 பேர் ஆதரவாகவும் 204 பேர் எதிராகவும் வாக்களித்தபின்பே பட்டம் வழங்கப்பட்டது. இத்தகைய சூழலில், கண்டத் தத்துவத்தைப் படிப்பது கண்டிப்பான ஆய்வுதான் என்று மெய்ப்பிக்கும் சுமையை ஸ்பெப் போன்ற அமைப்புகளே பெரிதும் ஏற்க வேண்டியிருந்தது.

உள்ளிருந்து எழுந்த கேள்விகள்

புறக்கணிப்பை எதிர்த்துத் தோன்றிய கழகமும் தன்னளவில் சிலரைப் புறக்கணித்தே இருந்தது. அதை நிறுவியவர்கள் அனைவரும் வெள்ளை ஆண்கள். நெடுங்காலம் அங்கு படிக்கப்பட்ட தத்துவவாதிகளும் அவ்வாறே. சிமோன் தி போவாவின் ‘இரண்டாம் பாலினம்’ 1953-இல் விலங்கியல் பேராசிரியர் ஒருவரால் பல பகுதிகள் வெட்டப்பட்டு ஆங்கிலத்துக்கு வந்திருந்தது. வெட்டுண்டவற்றில் அந்நூலின் தத்துவ முதுகெலும்பும் அடங்கும் என்பதை மார்கரெட் சைமன்ஸ் 1983-இல் எடுத்துக்காட்டினார். அதற்கு முன்பே ஐரிஸ் மரியன் யங், மெர்லோ-போந்தி பொதுவான மனித உடலாக விவரித்தது பெண்ணின் உடலனுபவத்தை உள்ளடக்கவில்லை என்று 1980-இல் எழுதினார். ஓடவும் எறியவும் தயங்கும்படி சமூகம் பழக்கிய உடல், உலகைத் தன் ஆற்றலுக்குரிய களமாக அல்லாமல் தடைகளின் தொகுதியாகவே காண்கிறது என்பது அவருடைய வாதம். ஃபிரான்ஸ் ஃபானன் கறுப்பு உடல் பற்றி 1952-லேயே எழுதியிருந்தவற்றை லூயிஸ் கார்டன் முதலியோர் 1990-களில் நிகழ்வியலின் மையக் கேள்வியாக முன்வைத்தனர். பெண்களின் நிலை, இனப் பன்மை ஆகியவற்றுக்கெனக் கழகம் குழுக்களை அமைத்தது. அதன் இணை இயக்குநராகப் பணியாற்றிய லிண்டா மார்ட்டின் அல்காஃப் பின்னர் அமெரிக்கத் தத்துவச் சங்கத்தின் கிழக்குப் பிரிவுக்கும் தலைமை வகித்தார். நிகழ்வியலின் முறையைக்கொண்டே நிகழ்வியலின் குருட்டிடங்களைக் காட்டிய இவ்வாய்வுகள் இன்று ‘விமர்சன நிகழ்வியல்’ என்ற தனிப்பிரிவாக வளர்ந்துள்ளன.

ஹைடெக்கர் குறித்த கேள்வி இதைவிடக் கடினமானது. 1933-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்து ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த அவருடைய யூத வெறுப்பு, 2014 முதல் வெளியான ‘கருப்புக் குறிப்பேடுகள்’ வழியாக ஐயத்துக்கு இடமின்றித் தெரியவந்தது. அவரைத் தன் அடித்தளங்களுள் ஒருவராகக் கொண்ட ஆய்வுச் சமூகம் இதை ஒதுக்கிவிட்டு நகர முடியாது. அவர் தத்துவத்தில் எதைக் காக்கலாம், எதைக் கைவிட வேண்டும் என்பதை அவரை நன்கு படித்தவர்களே தீர்மானிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

தத்துவத்துறைக்கு வெளியே

இம்மரபின் பயன் தத்துவத்துறைகளோடு நின்றுவிடவில்லை. வைல்டின் வட்டத்தில் உருவான ஹூபர்ட் டிரைஃபஸ், மனிதத் திறன் விதிகளின் தொகுப்பு அன்று என்ற ஹைடெக்கர், மெர்லோ-போந்தி ஆகியோரின் விளக்கத்தைக்கொண்டு, விதிகளை நம்பிய செயற்கை அறிவுத் திட்டங்களின் வரம்புகளை 1972-இல் வெளியிட்ட ‘கணினிகளால் முடியாதவை’ நூலில் சுட்டினார். தொடக்கநிலையாளர் தேர்ந்தவராக மாறும் படிகளைப் பற்றிய டிரைஃபஸ் சகோதரர்களின் விளக்கத்தைப் பட்ரிசியா பென்னர் 1984-இல் செவிலியர் கல்விக்குப் பொருத்தியபின், அது பல நாடுகளின் செவிலியர் பாடத்திட்டங்களில் இடம்பெற்றது. இம்மரபின் வளர்ச்சியில் இந்தியாவுக்கும் பங்குண்டு. கட்டக்கில் பிறந்து கட்டிங்கனில் முனைவர் பட்டம் பெற்ற ஜிதேந்திரநாத் மொஹந்தி, ஹுஸ்ஸெர்லின் பொருண்மைக் கோட்பாடு பற்றிய ஆய்வாலும் ஹுஸ்ஸெர்லையும் ஃப்ரேகெயையும் ஒப்பிட்ட நூலாலும், நியூ ஸ்கூல், டெம்பிள் முதலிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆற்றிய ஆசிரியப் பணியாலும் அமெரிக்க நிகழ்வியலின் முன்னணி அறிஞர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார். ஹுஸ்ஸெர்ல், ஃப்ரேகெ ஆகிய இருவரையும் ஒரே ஆய்வில் நிறுத்திய அவருடைய பணி, இரு மரபுகளுக்கும் இடையே கடக்க முடியாத பிளவு இல்லை என்பதற்கும் சான்றாகும்.

மதிப்பீடு

தனி அமைப்பு அமைத்துக்கொண்டதற்குக் கண்டத் தத்துவம் ஒரு விலையும் கொடுத்தது. ஒத்த கருத்துடையோர் தம்முள்ளேயே பேசிக்கொள்ளும்போது, கலைச்சொற்கள் விளக்கப்படாமலேயே பழக்கத்தால் ஏற்கப்பட்டுவிடுகின்றன. பெருந்தத்துவவாதியின் நூலுக்கு உரையெழுதுவதே தத்துவம் செய்வதாகக் கருதப்படும் ஆபத்தும் இருக்கிறது. எதிர்த்தரப்பும் தான் படிக்காத நூல்களைத் தெளிவற்றவை என்று ஒதுக்கிவைக்க இப்பிரிவினை வசதியாயிற்று. ஆனால் 1962-இல் அந்தத் தனியவை கூடியிராவிட்டால், இருதரப்பும் உரையாடுவதற்கு அமெரிக்காவில் இரண்டாம் தரப்பு என்று ஒன்று வலுவாக மிஞ்சியிருக்காது. மொழிபெயர்ப்பு, ஆண்டுக் கூட்டம், இதழ், இளம் ஆய்வாளருக்குப் பணிவாய்ப்பு ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று இணைத்ததே ஸ்பெப்பின் சாதனை. தன்னால் விலக்கப்பட்டவர்களின் கேள்விகளுக்குக் காலம் தாழ்த்தியேனும் இடமளித்தது அச்சாதனையைவிடப் பெரியது. பெரும்பான்மையின் அங்கீகாரம் கிட்டாத எந்த அறிவு மரபையும் காக்க விரும்புவோர் முதலில் செய்யவேண்டியது, அதன் பெருமையைப் பேசுவதை நிறுத்திவிட்டு, அதன் மூலநூல்களை மொழிபெயர்த்து, அவற்றைக் கூடிப் படித்து மறுக்கவும் திருத்தவும் இடமளிக்கும் ஓர் அவையை உருவாக்குவதே.